போர்ப்படங்களுக்கு ஏன் பணம் கிடைப்பதில்லை?

வாசகர் ஒருவரின் கருத்து, 3 பிப்ரவரி 2024

ஹாலிவுட் இயக்குநர்கள் ஸ்டான்லி குப்ரிக்கின் நெப்போலியன், பால் வெர்ஹோவனின் சிலுவைப்போர்ப் படம், நம் கமல்ஹாசனின் மருதநாயகம் ஆகிய மூன்றும் நின்றுபோனதற்குக் காரணம் ஒன்றுதான். பணம் வைத்திருப்பவர்களுக்குத் துணிவு கிடையாது. மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

3 பிப்ரவரி, இரவு

மறுக்கிறேன். படத் தயாரிப்பு நிறுவனங்களில் கணக்கு எழுதியே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். பைனான்சியரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து "வேண்டாம்" என்ற பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்படிச் சொன்னவர்கள்தாம் பெயர் தெரியாத புது இயக்குநர்களை நம்பிக் கோடிகளைக் கொடுத்தவர்களும். துணிவு அவர்களிடம் இருந்தது. போர்ப்படம் என்றவுடன் அவர்கள் தயங்குவதற்குத் தனிக் காரணம் உண்டு. பெரிய தொகை அவர்களை அச்சுறுத்துவதைவிட, அந்தத் தொகை எங்கே நிற்கும், படம் எந்தத் தேதியில் முடியும் என்பதை ஒருவராலும் உறுதியாக எழுதிக் கொடுக்க முடியாதது அதிகம் அச்சுறுத்துகிறது. நெப்போலியன் படத்தின் கதையை விரிவாகப் பார்த்தால் இது விளங்கும், நாளை எழுதுகிறேன்.

4 பிப்ரவரி

1968இல் "2001: எ ஸ்பேஸ் ஒடிஸி" என்ற விண்வெளிப் படம் வெளிவந்த கையோடு குப்ரிக் நெப்போலியனை எடுத்துக்கொண்டார். ஆக்ஸ்ஃபோர்டின் வரலாற்றாசிரியர் ஃபீலிக்ஸ் மார்க்கமை ஆலோசகராக அமர்த்தினார். நெப்போலியனோடு தொடர்புடைய மனிதர்கள் ஒவ்வொரு நாளும் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று அட்டைகளில் தொகுக்க வைத்தார். படப்பிடிப்புக்கு ஏற்ற இடங்களின் புகைப்படங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தார். இவை எல்லோரும் பேசும் செய்திகள். என்னைப் போன்றவர்கள் ஆழ்ந்து படிக்க வேண்டியது, அவர் தயாரிப்பாளர்களுக்காக எழுதிய செலவுக் குறிப்புகளை.

வரலாற்றுப் படங்களில் செலவு ஏறும் இடங்கள் நான்கு என்று அவர் பிரித்தார்: பெருங்கூட்டம், சீருடைகள், அரங்குகள், நட்சத்திரச் சம்பளம். பிறகு ஒவ்வொன்றுக்கும் விடை தேடினார். கூட்டத்துக்கு ருமேனிய அரசிடம் பேசினார். ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 டாலர் வீதம் 30,000 படைவீரர்களைத் தர அவர்கள் முன்வந்தார்கள். யூகோஸ்லாவியா கேட்டது 5 டாலர். அதாவது ஒரு நாள் போர்க்காட்சிக்கு ஆள் கூலியாக ருமேனியாவில் 60,000 டாலர், யூகோஸ்லாவியாவில் 1,50,000 டாலர். தொலைவில் நிற்கும் வீரர்களுக்குத் துணிச் சீருடை எதற்கு என்று, தீப்பிடிக்காத காகிதத் துணியில் அச்சிட்ட சீருடைகளுக்கு விலை விசாரித்தார். ஒன்றுக்கு 1 முதல் 4 டாலர். அரங்கு கட்டாமல் ஐரோப்பாவின் உண்மையான அரண்மனைகளையே நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ள எண்ணினார். பெரும் நட்சத்திரங்களைத் தவிர்க்க விரும்பினார். மூன்று மணி நேரப் படத்துக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 1.3 நிமிடம் என்று வைத்து, பயண நாட்களையும் சேர்த்து 150 நாள் என முடித்தார்.

ஒரு தயாரிப்பு நிர்வாகி கனவில்கூட எதிர்பார்க்க முடியாத திட்டம் இது. செலவின் உச்சவரம்பைத் தானே எழுதிக் கொண்டுவந்த இயக்குநர் அவர். அவருக்கே பணம் கிடைக்கவில்லை என்னும்போது, துணிவு, ரசனை என்ற இரண்டு சொற்களால் அதை விளக்கிவிட முடியாது. ஹாலிவுட் ஸ்டுடியோவான எம்ஜிஎம் விலகியது. அடுத்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸும் கைவிட்டது.

6 பிப்ரவரி

டினோ டி லாரன்டிஸ் தயாரித்து, செர்கேய் பாண்டார்சுக் இயக்கிய, நெப்போலியனின் இறுதிப் போரைக் காட்டும் வாட்டர்லூ படம் தோற்றதால்தான் குப்ரிக்கின் படம் நின்றது என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். இந்தச் செய்தி பல இடங்களில் இப்படியே வருகிறது. ஆனால் தேதிகள் ஒத்துவரவில்லை. வாட்டர்லூ 1970 அக்டோபரில்தான் வெளிவந்தது. எம்ஜிஎம் அதற்கு முன்பே விலகிவிட்டது.

அந்த ஆண்டுகளில் எம்ஜிஎம் பெரும் நட்டத்தில் இருந்தது. நிர்வாகம் அடுத்தடுத்துக் கைமாறி, 1969இல் கிர்க் கெர்கோரியன் அதை வாங்கினார். அவர் அமர்த்திய தலைவர் செலவைக் குறைக்கவே வந்தவர். நிர்வாகம் மாறும்போது, முந்தையவர் ஒப்புக்கொண்ட நீண்டகாலத் திட்டங்கள்தாம் முதலில் வெட்டப்படுகின்றன. மூன்று மாதத்தில் முடியும் படம் இந்த மாற்றங்களுக்கு இடையே எப்படியோ தப்பித்து வெளிவந்துவிடும். இரண்டு ஆண்டு ஆராய்ச்சியும் ஓராண்டுப் படப்பிடிப்பும் கேட்கும் படம், தன் ஆயுளுக்குள் ஓர் ஆட்சி மாற்றத்தையாவது சந்தித்தே தீரும்.

வாட்டர்லூவின் தோல்வி செய்தது வேறு: திறந்திருக்கக்கூடிய மற்றக் கதவுகளையும் அது மூடியது. ரஷ்யப் படைவீரர்கள் பதினைந்தாயிரத்துக்கு மேல் களத்தில் நின்ற படம் அது. அதே நாயகன், அதே தொப்பி, அதே பீரங்கிப் புகை. அது ஓடவில்லை என்றபின், இதே கதையோடு வருகிறவர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும், பணம் போடுகிறவர் கையில் இருக்கும் ஒரே ஒப்பீட்டுக் கணக்கு அதுவாகிவிடுகிறது. இரண்டு காரணங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

6 பிப்ரவரி, சற்றுப் பின்னர்

குப்ரிக்குக்குப் போர்ப்படத்துக்குப் பணம் கிடைத்தே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1957இல் முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளைப் பற்றிய படத்தை அவர் பத்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் முடித்தார். கிர்க் டக்ளஸ் நடிக்க ஒப்புக்கொண்ட பிறகே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் பணம் தந்தது. செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டக்ளஸின் சம்பளம். படப்பிடிப்பு நடந்தது ஜெர்மனியில், பிரெஞ்சு வீரர்களாக ஓடி விழுந்தவர்கள் ஜெர்மன் போலீஸ்காரர்கள். பிரெஞ்சுப் படைத்தலைமையைக் குறைகூறும் அந்தப் படம் பிரான்சில் 1975 வரை திரைக்கு வரவில்லை. ஒரு பெரிய நாட்டுச் சந்தை அப்படியே போயிற்று. போரில் ஒரு நாடு தவறு செய்தது என்று காட்டினால், அந்த நாட்டு வசூலைக் கணக்கிலிருந்து முன்கூட்டியே கழித்துவிட வேண்டும் என்பதை அப்போதே பணக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள்.

10 பிப்ரவரி

மருதநாயகம் பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். வெளியில் தெரிந்தவற்றையும், எங்கள் தொழிலில் பணம் நகரும் முறையையும் வைத்துப் பேசுகிறேன்.

1997 அக்டோபரில் சென்னை எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில், இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் முன்னிலையில் கமல்ஹாசன் அந்தப் படத்தைத் தொடங்கினார். கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் உயர்ந்து, மதுரையை ஆண்டு, பின்னர் கும்பினியையே எதிர்த்து நின்று, 1764இல் தூக்கிலிடப்பட்ட மருதநாயகம் என்ற யூசுப் கானின் கதை. அன்று பேசப்பட்ட செலவு 80 கோடி ரூபாய்க்கும் மேல். அதில் கால் பங்கை எட்டிய தமிழ்ப்படங்களே அப்போது அரிது. எதிர்பார்த்த வெளிநாட்டு முதலீடு விலகியதும் படம் நின்றது.

உள்ளூரில் திரட்டியிருக்க முடியாதா என்று கேட்கிறார்கள். முடியாது, காரணம் வட்டி. அக்காலத்தில் வங்கிகள் படங்களுக்குக் கடன் தரவில்லை. திரைத்துறைக்குத் தொழில் என்ற தகுதியை மத்திய அரசு அறிவித்ததே 1998இல். நிறுவனக் கடன்கள் ஓரளவு நடைமுறைக்கு வந்தது 2000க்குப் பிறகு. அதுவரை தனியார் பைனான்சியர்தாம். மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் வெளியாகும் குடும்பப் படத்துக்கு அது 18 ரூபாய், தாங்கலாம். மூன்று ஆண்டு இழுக்கும் போர்ப்படத்துக்கு அது 108 ரூபாய். வட்டிக்கு வட்டி போடாமலே கடன் இரட்டிப்பைத் தாண்டிவிடுகிறது. குதிரைக்கும் கோட்டைக்கும் ஆகும் செலவைவிடக் காலத்துக்கு ஆகும் செலவு அதிகம்.

ஈடு என்று பார்த்தாலும் அதே சிக்கல். அன்று கடனுக்கு ஈடு நெகட்டிவ் உரிமை, அதாவது மூலப் படச்சுருளின் உரிமை. சுருளைக் கழுவிப் பிரிண்ட் போடும் லேபுக்குக் கடிதம் போகும். கடன் தீர்ந்தால்தான் பிரிண்ட் வெளியே வரும். சாதாரணப் படத்தில் பாதி முடிந்ததும் பாட்டுகளையும் சில காட்சிகளையும் போட்டுக்காட்டி விநியோகஸ்தர்களிடம் ஏரியா வாரியாக அட்வான்ஸ் வாங்கி மீதியை முடித்துவிடுவார்கள். இடையில் நின்றுபோனாலும் வேறொருவர் குறைந்த விலைக்கு வாங்கி முடிக்கலாம். போர்ப்படத்தில் முதல் நாள் கேமரா ஓடுவதற்கு முன்பே உடை, ஆயுதம், கோட்டை மதில், பயிற்சி என்று பெரும்பகுதி செலவாகிவிடும். அந்த நிலையில் படம் நின்றால் பைனான்சியர் கையில் மிஞ்சுவது ஈட்டிகளும் தகரக் கேடயங்களும். அவற்றை ஈடாக வைத்து யாரிடம் கடனை வசூலிப்பது?

11 பிப்ரவரி

நேற்றுச் சொன்னதற்கு என் வேலையிலிருந்தே ஒரு சான்று. பாளையக்காரர் காலத்துக் கதை ஒன்றுக்குச் செலவுத் திட்டம் போட என்னை அழைத்தார்கள். இயக்குநர் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய கதை. தோற்றுப் பின்வாங்கும் படையின் கடைசி இரவை அவர் எழுதியிருந்த விதத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் படம் வெளிவர வேண்டும் என்று கூலிக்கு வந்த நானே மனமார விரும்பினேன்.

குதிரை வாடகையில் தொடங்கினோம். குதிரையோடு அதன் பராமரிப்பாளர், தீனி, வண்டி எல்லாம் வரும். வெயில் ஏறினால் குதிரை ஓடாது. ஆகவே காலையிலும் மாலையிலும் மட்டுமே வேலை, கூலி மட்டும் முழு நாளுக்கு. வெடிமருந்துக்கு உரிமம் வேண்டும். ஒருமுறை புகை எழுப்பினால் அது கலையும்வரை அடுத்த ஷாட் இல்லை. துணை நடிகர்களுக்குப் பேட்டா, சாப்பாடு, தங்குமிடம். ஒருவர் கூட்டத்தில் இடம் மாறி நின்றால் அடுத்த நாள் காட்சி ஒட்டாது. இவை அனைத்தையும் ரூபாயாக மாற்றிவிட்டேன். பைனான்சியர் பொறுமையாகப் படித்தார். கதையைப் பற்றியோ தொகையைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. "கோட்டைச் சண்டை நடுவில் மழை வந்து நின்றால், மறுபடி இத்தனை பேரையும் கூட்ட எவ்வளவு? எத்தனை முறை கூட்ட வேண்டியிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். முதல் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. இரண்டாவதற்கு எவரிடமும் இருந்திருக்காது. படம் அந்த அறையிலேயே முடிந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அந்தப் படம் வராமல் போனது பேரிழப்பு என்பதையும் அதே உறுதியோடு சொல்வேன்.

15 பிப்ரவரி

வெர்ஹோவனின் சிலுவைப்போர்ப் படத்துக்கு வருகிறேன். 1990களின் நடுவில் கரோல்கோ நிறுவனம் எடுக்கவிருந்த படம். நாயகன் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர். செலவு 10 கோடி டாலரை ஒட்டிப் பேசப்பட்டது. நிறுவனத்தார் இறுதிக் கூட்டத்தில் கேட்டது, செலவு இந்தத் தொகையைத் தாண்டாது என்று உறுதி தர முடியுமா என்பதை. உறுதி என்ற ஒன்று உலகில் கிடையாது என்று வெர்ஹோவன் அங்கேயே வெடித்ததாகவும், மேசைக்கடியில் தாம் அவரை உதைத்து அடக்க முயன்றதாகவும் ஷ்வார்ஸ்நெகர் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வெர்ஹோவன் சொன்னது முழு உண்மை. அந்த உண்மையோடு பணம் வாங்க முடியாது.

கரோல்கோவிடம் அப்போது ஒரு பெரிய படத்துக்குத்தான் பணம் இருந்தது. அதைக் கடற்கொள்ளையர் படம் ஒன்றில் போட்டார்கள். 1995 இறுதியில் வெளியான அது அமெரிக்காவில் சுமார் ஒரு கோடி டாலர் மட்டுமே வசூலித்தது. வெளியாகும் முன்பே நிறுவனம் திவாலாகிவிட்டது. ஆகவே, பாதுகாப்பு என்று எண்ணித் தேர்ந்தெடுத்ததே அவர்களை முடித்தது. முதல் பதிவில் நான் பணக்காரர்களின் பக்கம் மிகுதியாகப் பேசிவிட்டதாக ஒருவர் வருந்தியிருந்தார். அவருக்கு இந்தச் செய்தி உதவும். அவர்கள் கேட்கும் கேள்வி சரியாக இருக்கலாம். அந்தக் கேள்வியை எல்லாப் படங்களிடமும் ஒரே கடுமையோடு அவர்கள் கேட்பதில்லை.

18 பிப்ரவரி

இதுவரை எழுதியதை மீண்டும் படித்தேன். செலவின் எல்லை தெரியாததே காரணம் என்றேன். அது உண்மை, ஆனால் முழு விடை அல்ல. அந்த எல்லையை யார் குறைத்துத் தருகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பெரும் போர்ப்படங்களில் மிகப் பெரிய செலவை ஏற்றுக்கொண்டது பெரும்பாலும் ஏதோ ஓர் அரசு. வாட்டர்லூவுக்கு சோவியத் படை. குப்ரிக்குக்கு ருமேனியா. ஹாலிவுட் இயக்குநர் கொப்போலா தம் வியட்நாம் போர்ப் படத்தை எடுத்தபோது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உதவ மறுத்தது. பிலிப்பைன்ஸில் மார்கோஸ் அரசு ஹெலிகாப்டர்களைத் தந்தது. உள்நாட்டுக் கிளர்ச்சியாளர்களோடு சண்டை வந்தபோதெல்லாம் அதே ஹெலிகாப்டர்கள் படப்பிடிப்பின் நடுவே திரும்ப அழைக்கப்பட்டன. 1976இல் புயல் அரங்குகளை அழித்தது; 1977இல் நாயகன் மார்ட்டின் ஷீனுக்கு மாரடைப்பு. செலவு 3 கோடி டாலரைத் தாண்டியது. கொப்போலா தம் சொத்துகளையே பிணை வைத்தார். 11ஆம் தேதிப் பதிவில் பைனான்சியர் கேட்ட கேள்விக்கு உலகம் காட்டக்கூடிய மிகக் கொடிய விடை அந்தப் படப்பிடிப்புதான்.

ஓர் அரசு படையைத் தரும்போது கதையையும் பார்க்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உதவிக்கு முன் திரைக்கதையைக் கேட்டு வாங்கிப் படிக்கிறது. வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய இயக்குநர் ஆலிவர் ஸ்டோன் தம் அனுபவத்தை 1976இல் திரைக்கதையாக எழுதினார். அது படமாகப் பத்தாண்டுகள் ஆயின. அமெரிக்க வீரர்கள் ஊர்மக்களைக் கொல்வதையும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வதையும் காட்டிய கதைக்குப் படை உதவி கிடைக்கவில்லை. பெரிய ஸ்டுடியோக்களும் ஒதுங்கின. கடைசியில் ஹெம்டேல் என்ற சிறிய நிறுவனத்தின் சுமார் 60 லட்சம் டாலரில் பிலிப்பைன்ஸில் எடுக்கப்பட்டு, 1986இல் வெளிவந்து, அமெரிக்காவில் மட்டும் 13 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது.

அதே ஸ்டோன் 2007இல், வியட்நாமில் அமெரிக்க வீரர்கள் ஊர்மக்களைக் கொன்ற மைலாய் படுகொலையின் விசாரணையைப் படமாக்க முனைந்தார். படப்பிடிப்பு தொடங்கவிருந்த வேளையில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுத்திவிட்டது. எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தால் திரைக்கதையைத் திருத்த முடியவில்லை. நடிக்கவிருந்த புரூஸ் வில்லிஸ் விலகினார். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களைப் பற்றி அவ்வாண்டு வந்த படங்களும் வசூலில் சரிந்திருந்தன. பெரும் விருதும் பெரும் வசூலும் பெற்றவர் என்ற பெயர் அவருக்கு அங்கே பயன்படவில்லை.

எனக்கு உண்மையில் வேதனை தருவது இதுதான். பணம் எந்தப் போர்ப்படம் வரும் என்பதை மட்டும் முடிவு செய்வதில்லை. எந்தப் போரை, யாருடைய பக்கத்திலிருந்து நாம் பார்ப்போம் என்பதையும் முடிவு செய்கிறது. வென்ற அரசுகளின் கதைக்குப் படையும் பீரங்கியும் சலுகை விலையில் வரும். கொல்லப்பட்ட ஊரின் கதைக்கு எந்த அமைச்சகமும் டாங்கிகளை அனுப்பாது.

19 பிப்ரவரி

"கூட்டத்தை இப்போது கணினியில் உருவாக்கலாமே, இந்தக் கணக்கெல்லாம் பழையது அல்லவா?" என்று கேட்டவருக்கு: குதிரைக் கூலி குறைந்தது, காலம் குறையவில்லை. படப்பிடிப்பில் மிச்சமானது கிராஃபிக்ஸ் வேலையில் மாதக்கணக்காக நீள்கிறது. வட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். நெப்போலியனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் ரிட்லி ஸ்காட் அதை எடுத்தது ஆப்பிள் நிறுவனத்தின் பணத்தில். திரையரங்கு வசூலை மட்டும் நம்பி வாழாத, வட்டிக்குக் கடன் வாங்கத் தேவையில்லாத ஒரு முதலீட்டாளர் வந்த பிறகே அது நடந்தது. குப்ரிக்கின் திரைக்கதையை ஏழு பகுதித் தொடராக எச்பிஓ தொலைக்காட்சிக்கு உருவாக்கிவருவதாக ஸ்பீல்பெர்க் அதே ஆண்டு பெர்லினில் அறிவித்தார். நம் பக்கம் பொன்னியின் செல்வனுக்கு 1950களில் எம்.ஜி.ஆர். முயன்றார்; மணிரத்னமே ஒருமுறை செலவைக் கண்டு கைவிட்டார். இரண்டு பாகங்களாகப் பிரித்துச் சேர்த்தே படமாக்கி, பல மொழிகளில் விற்கும் வழி பிறந்த பிறகுதான் அது 2022இல் திரைக்கு வந்தது. கோட்டையும் உடையும் ஒரே செலவு, விற்பனை மட்டும் இரு முறை என்பது பணம் போடுகிறவருக்கு விளங்கும் கணக்கு.

24 பிப்ரவரி

போர்க்கதை ஒன்றை எழுதி வைத்திருப்பதாகவும் யாரை அணுகலாம் என்றும் இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெயர்களைப் பொதுவில் எழுத இயலாது. தயாரிப்பைப் பற்றிச் சொல்கிறேன். கதைச் சுருக்கத்தோடு ஒரு தாள் கூடுதலாகக் கொண்டு செல்லுங்கள். படத்திலேயே அதிகம் பேர் தேவைப்படும் நாட்கள் எவை, அந்த நாட்கள் கெட்டுப்போனால் கதை சிதையாமல் எந்தக் காட்சியை விட்டுவிடலாம் என்பதை அதில் எழுதுங்கள். போர்க்காட்சிகளைப் படப்பிடிப்பின் தொடக்கத்தில் வைக்காதீர்கள். மனிதர்கள் பேசும் காட்சிகள் முதலில் முடிந்திருந்தால், இடையில் நின்றாலும் கையில் ஒரு படம் இருக்கும். முழுப் படையைக் காட்டியே ஆக வேண்டுமா என்று ஒவ்வொரு காட்சியிலும் உங்களை நீங்களே கேளுங்கள். முப்பதாயிரம் பேரைத் திட்டமிட்ட அதே குப்ரிக், 1987இல் வெளிவந்த தம் படத்துக்காக வியட்நாமின் ஹுவே நகரச் சண்டையை லண்டனில் இடிக்கப்படவிருந்த ஓர் எரிவாயு ஆலையில் ஒரு சிறு குழுவை வைத்து எடுத்து முடித்தார்.

காட்டியே ஆக வேண்டும் என்று விடை வருமானால், கதையைச் சுருக்காதீர்கள். அதற்கு உரிய முதலீடு வரும்வரை வேறு படங்களைச் செய்துகொண்டிருங்கள். கதையைப் பதிவு செய்து பத்திரமாக வையுங்கள்.